அம்மா மேல் தப்பில்லை

சாலாக் செலாத்தானில், ரயில் ஓடும் சத்தம் கேட்கும் தூரத்தில் ஓர் அடுக்குமாடியில் என் அக்கா குடியிருக்கிறாள். அவள் வீட்டு வரவேற்பறைச் சுவரில், சாமி படங்களுக்குக் கீழே நீளமான அட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ஆறு புகைப்படங்கள் வரிசையாக இருக்கும்: பல் துலக்கும் பிரஷ், தோசைத் தட்டு, பள்ளிச் சீருடை, வேன், வகுப்பறை, எல்ஆர்டி ரயில். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அவளுடைய எட்டு வயது மகன் அந்தப் படத்தைப் பிய்த்துக் கீழே தொங்கும் பையில் போடுவான். கடைசிப் படம் அவனுக்கு உயிர். நாளெல்லாம் ஒழுங்காகப் போனால் மாலையில் மஸ்ஜித் ஜாமெக் வரை ரயிலில் போய்விட்டு வரலாம்.

அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு குறைவு. வேன் வராத நாளில் முன்பெல்லாம் வீடே அதிரும். தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். இப்போது காலையிலேயே வேன் படத்தை எடுத்துவிட்டு அப்பாவின் காரை ஒட்டி வைத்தால் போதும். நின்று பார்ப்பான், காலணியைப் போட்டுக்கொள்வான்.

இந்த அட்டையைக் கண்டுபிடித்தது என் அக்கா இல்லை. இதன் பின்னால் இருப்பவர் எரிக் ஷாப்லர். நம் சமூகத்தில் இந்தப் பெயர் அதிகம் பேர் காதில் விழுந்திருக்காது. இவர் பெயரை அறியாமலேயே இவருடைய வழியைக் கையாளும் ஆசிரியர்களும் தாய்மார்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர். ஆனால் எனக்கு அவர் முக்கியமாவது அட்டைக்காக மட்டுமில்லை. அதற்கு முன்னால் அவர் செய்த காரியம் ஒன்று இருக்கிறது.

என் அக்கா மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் உறவினர்கள் வந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒரே ஆளைப் பார்த்துத்தான். கிரகணத்தன்று வெளியே போனாயா? பிள்ளையை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாயே, அதனாலா? கைப்பேசியைக் கொடுத்துச் சோறு ஊட்டினாயா? அக்காவின் கணவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா அன்றிரவு சமையலறையில் உட்கார்ந்து, பேறுகாலத்தில் தான் தின்றதை எல்லாம் ஒன்றுவிடாமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

படிக்காதவர்கள் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதே பழியை உலகத்தின் பெரிய மருத்துவர்களே சுமத்திய காலம் ஒன்று இருந்தது. 1943இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர், 11 பிள்ளைகளைப் பற்றி எழுதித்தான் ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவ உலகுக்குக் காட்டினார். அது பிறவியிலேயே வருவது என்று சொன்ன அவரே, பெற்றோர் பாசம் காட்டாதவர்களாக இருக்கிறார்கள் என்றும் எழுதி வைத்தார். அங்கிருந்து கிளம்பியதுதான் 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற கொடுஞ்சொல். தாய் சில்லிட்டுப் போனவள், அதனால் பிள்ளை உள்ளுக்குள் ஒடுங்கிவிட்டது என்பது அதன் பொருள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிறுவர் காப்பகப் பள்ளி ஒன்றை நடத்திய புருனோ பெட்டல்ஹைம் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார். அவர் நாஜிகளின் டாகாவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டு மீண்டவர். ஆட்டிசப் பிள்ளையின் வீட்டை அந்த வதைமுகாமோடு ஒப்பிட்டார். 1967இல் அவர் புத்தகம் வந்தபோது அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்று ஆனது.

ஷாப்லரும் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்தான். 1927இல் ஜெர்மனியின் ஃபூர்த் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938இல் அந்தக் குடும்பம் நாட்டைவிட்டு அமெரிக்காவுக்கு ஓடியது. அவருக்குப் பதினொரு வயது. ஒரு கூட்டத்தின் மேல் எல்லாப் பழியையும் தூக்கிப் போட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெட்டல்ஹைம் கொடி கட்டிப் பறந்த அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில்தான் சமூகப்பணியும் பிறகு உளவியலும் படித்தார். முனைவர் ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது, இந்தப் பிள்ளைகள் கண்ணாலும் தொடுகையாலும் உலகத்தை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்ற கேள்வி. கோளாறு தாயின் அன்பில் இல்லை, பிள்ளையின் மூளை புலன்களைக் கையாளும் விதத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு அது அவரைக் கொண்டுபோனது.

1971இல், இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் பலிகடா ஆக்கப்படுகிறார்கள் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை வெளியிட்டார். காரணம் தெரியாமல் திண்டாடிய மருத்துவர்கள் கைக்கெட்டிய ஆளின் தலையில் குற்றத்தை ஏற்றிவிட்டார்கள் என்பது அவர் வாதம். அவர் தனி ஆள் இல்லை. ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே தாய்க்குற்றக் கொள்கையைப் புத்தகம் எழுதி உடைத்திருந்தார். 1969இல் கானரே பெற்றோர் கூட்டத்தில் எழுந்து அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். ஆனால் ஷாப்லர் பழியைத் துடைத்ததோடு நிற்கவில்லை. அந்தத் தாய்தகப்பனைச் சிகிச்சை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

வட கரோலினா மாநிலத்தின் சேப்பல் ஹில் நகரில், 1966இல் ராபர்ட் ரைக்லர் என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து அவர் ஒரு சிறு திட்டம் தொடங்கினார். பயிற்சியாளர் பிள்ளையோடு வேலை செய்வதை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெற்றோர் பார்ப்பார்கள். பிறகு அவர்கள் உள்ளே போய்ச் செய்ய, பயிற்சியாளர்கள் பார்ப்பார்கள். பிள்ளையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அதைப் பெற்றவரே, நமக்குத் தெரிந்தது ஆட்டிசம் மட்டும்தான் என்று அவர் நம்பினார். அந்தப் பெற்றோரே அரசியல்வாதிகளின் வாசலில் போய் நின்றார்கள். 1972இல் மாநிலச் சட்டமன்றம் அதை மாநிலம் முழுவதற்குமான அரசுத் திட்டமாக்கியது. அதுதான் 'டீச்'.

அந்த முறையின் சூட்சுமம் எளிமையானது. சொல்லிப் புரியவைக்க முடியாததைக் கண்ணில் காட்டு. மேசையின் இடப்பக்கம் ஒரு கூடை, வலப்பக்கம் ஒரு கூடை. என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், முடிந்ததும் என்ன என்ற நான்கு கேள்விக்கும் பிள்ளை யாரையும் கேட்காமலே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். என் அக்கா கடலையையும் பாசிப்பயறையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். இடக்கூடை காலியானால் வேலை முடிந்தது. அந்த 'முடிந்தது' என்பதைப் புரிந்துகொண்ட நாளில் அவன் சிரித்த சிரிப்பை நான் நேரில் பார்த்தேன்.

அதே 1927இல் நார்வேயில் பிறந்த ஐவர் லோவாஸ் வேறு பாதையில் போனார். வாரத்துக்கு 40 மணி நேரம் ஒருவருக்கு ஒருவர் பயிற்சி கொடுத்ததில் 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஆகிவிட்டார்கள் என்று 1987இல் அறிவித்து உலகப் புகழ் பெற்றார். நம் ஊர்த் தனியார் மையங்கள் பலவற்றில் நடக்கும் ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சியில் அவருடைய பங்கு பெரியது. அவருடைய ஆரம்பகாலச் சோதனைகளில் பிள்ளைகளை அறைந்ததும் மின்னதிர்ச்சி கொடுத்ததும் உண்டு. அதை என்னால் மறக்க முடியவில்லை. ஷாப்லர் குணமாக்குகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அவருடைய முறையை அளந்து பார்த்த ஆய்வுகளும் மிதமான பலனையே காட்டுகின்றன. ஆனால் பிள்ளையை மாற்றுவதற்கு முன்னால் வீட்டையும் வகுப்பறையையும் பிள்ளைக்கு ஏற்ப மாற்றச் சொன்னார். அவர் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

தாயை நம்பு என்ற அந்த விதை நம் பக்கமும் முளைத்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெரி பரூவா 1991இல் டெல்லியில் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே பயிற்சிக்கு வருகிறார்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலான ஊடாட்டம் மேம்பட்டது. தனியார் தெரபிக்குப் பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறென்ன வேண்டும்?

மலேசியாவிலும் 1980களில் பெற்றோரும் நிபுணர்களும் கூடித்தான் 'நாசோம்' என்ற தேசிய ஆட்டிசச் சங்கத்தை உருவாக்கினார்கள். இன்று அரசாங்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூக நலத்துறை தரும் ஓகேயு அட்டையும் உண்டு.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தெரபியில் ஆங்கிலம். அக்காவிடம் ஒரு மையத்தில், பிள்ளை குழம்பிவிடும், தமிழை நிறுத்துங்கள் என்றார்கள். நிறுத்தினாள். எங்கள் ஆயாவுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஓராண்டு அவர் அந்தப் பிள்ளையோடு பேசாமல், தலையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் மேலும் பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்வதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். இப்போது அட்டையில் படங்களுக்குக் கீழே தமிழில் எழுதியிருக்கிறது. 'ரயில்' என்பது அவன் தெளிவாகச் சொல்லும் சொற்களில் ஒன்று.

ஷாப்லர் 2006 ஜூலை 7 அன்று, 79ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார்.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டும் உங்கள் பிள்ளை திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை என்றால், ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் எம்-சாட் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. கேட்டு வாங்கி, உள்ளதை உள்ளபடி நிரப்பிக் கொடுங்கள். அப்பாக்களும் கூடப் போங்கள்.

இரண்டாவது, உறவினர்களுக்கு. இந்தத் தீபாவளிக்கு அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் அந்தத் தாயிடம் காரணம் கேட்காதீர்கள். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ச் சுடச்சுடச் சாப்பிடு என்று சொல்லுங்கள்.