சரக்கு ஆட்டோவின் பின்டயர் உரசுகிறதா? காரணத்தைத் தேடுங்கள், மட்கார்டை வெட்டாதீர்கள்!

மளிகை வியாபாரத்தில் உள்ள நம் உறுப்பினர்களில் பலர் சொந்தமாக ஒரு மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோ வைத்திருக்கிறார்கள். இல்லாதவர்கள் வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். மதுரை கீழமாசி வீதியானாலும் திருச்சி காந்தி மார்க்கெட்டானாலும், மொத்தக் கடையில் வாங்கிய சரக்கைச் சந்து பொந்துகளில் நுழைந்து நம் கடை வாசலில் இறக்குவது இந்தச் சிறு வண்டிதான். ஆனால் தராசையும் கல்லாவையும் கவனிக்கும் அளவுக்கு வண்டியை நாம் கவனிப்பதில்லை.

"பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் சர்ரென்று சத்தம் வருகிறது முதலாளி" என்று ஓட்டுநர் சொன்னால், "இந்த ஒரு நடை போய்விட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்பதே பெரும்பாலும் நமது பதிலாக இருக்கிறது. அந்தச் சத்தம், பின்டயர் மட்கார்டிலோ பாடியின் அடிப்பாகத்திலோ உரசும் சத்தம். டயரின் பக்கச் சுவர் மெல்லியது. தொடர்ந்து உரசினால் ரப்பர் தேய்ந்து உள்நூல் வெளியே தெரியும், சூடும் ஏறும். அந்த நிலையில் முழு லோடுடன் போகும்போது டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடும். மூன்றே சக்கரம் உள்ள வண்டி கவிழ்வதற்கு அதிக நேரம் ஆகாது. கொட்டிய சர்க்கரையை மறுபடி வாங்கலாம். ஓட்டுநரின் கை கால்களை வாங்க முடியாது.

பலரும் செய்யும் வைத்தியம், பட்டறைக்கு அனுப்பி மட்கார்டை அடித்து வளைப்பது அல்லது வெட்டிவிடுவது. தராசு முள் ஒரு பக்கம் சாய்கிறது என்பதற்காக முள்ளை வளைப்பதைப் போன்றது இது. சத்தம் நிற்கும், கோளாறு நிற்காது. செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, செலவுள்ளவற்றுக்குப் பிறகு வருவோம்.

எங்கே, எப்போது உரசுகிறது?

டயரின் மேற்புறத்திலும் இரு பக்கங்களிலும் சாக்பீஸால் பட்டையாகக் கோடு போடுங்கள். வண்டியை வழக்கமான பாதையில் ஒரு சுற்று காலியாகவும், ஒரு சுற்று லோடுடனும் மெதுவாக ஓட்டி வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கோடு அழிந்திருக்கிறதோ அதுவே உரசும் இடம். தரையைத் தொடும் பகுதியில் கோடு எப்படியும் அழியும். பக்கங்களில் அழிந்திருப்பதையும், மட்கார்டின் உட்புறத்தில் சாக்பீஸ் ஒட்டியிருப்பதையும் பாருங்கள். பிறகு சமதரையில் நிறுத்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள்.

லோடு ஏற்றினால் மட்டும் இரு பக்கமும் உரசினால், பாரம் அதிகம் அல்லது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் உரசினால், சரக்கை அடுக்கிய முறை, அந்தப் பக்க ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கை, அதன் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காலியாக இருக்கும்போதே உரசினால் டயர் அளவு, ரிம், வளைந்த கை ஆகியவற்றில் சந்தேகம். திருப்பத்தில் மட்டும் உரசினால் பேரிங்கிலோ புஷ்ஷிலோ ஆட்டம் இருக்கலாம். பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கவும் கூடும்.

காற்றும் டயரும்

காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பே காற்றை அளக்க வேண்டும். ஓடிய பின் சூட்டினால் அளவு கூடிக் காட்டும். கம்பெனி கொடுத்த கையேட்டில் பின்சக்கரத்துக்குச் சொல்லியுள்ள அளவு இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். காற்று குறைந்தால் டயரின் பக்கம் புடைத்து உரசும். அதற்காக அளவுக்கு மேல் காற்று அடிப்பதும் கூடாது.

அடுத்து, டயரில் பொறித்துள்ள அளவைப் படியுங்கள். 4.00-8 என்றால் டயரின் அகலம் சுமார் 4 அங்குலம், ரிம்மின் விட்டம் 8 அங்குலம். 4.50-10 என்பது அகலத்திலும் விட்டத்திலும் பெரியது. "கொஞ்சம் பெரிய டயர் போட்டால் பாரம் தாங்கும்" என்று சொல்வார்கள். அகலம் அரை அங்குலம் கூடினால் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குல இடைவெளி போய்விடும், உயரமும் கூடும். ஒரு பக்கம் புதிய டயர், மறுபக்கம் ரீட்ரேடிங் செய்த டயர் என்று ஓட்டினாலும் இந்தத் தொல்லை வரும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2223 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

எவ்வளவு ஏற்றலாம்?

இது நமக்குக் கசப்பான பகுதி. ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை இரண்டும் குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக மொத்த எடை 975 கிலோ, காலி எடை 455 கிலோ என்றால் மீதி 520 கிலோ. இதில் ஓட்டுநரின் எடை 70 கிலோ போக, சரக்குக்கு நிற்பது 450 கிலோ. அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டை ஒன்பது. அல்லது 26 கிலோ அரிசி மூட்டை பதினேழு. நாம் பிறகு சேர்த்த கிரில், இரும்புத் தகடு, தார்ப்பாய்க் கம்பி ஆகியவற்றின் எடையும் இந்த 450 கிலோவில்தான் கழியும்.

சுமைக்கூலியும் டீசலும் மிச்சம் என்று இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் ஏற்றினால், அந்த மிச்சம் டயரிலும் ஸ்பிரிங்கிலும் போய்விடும். சட்டமும் சும்மா விடாது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு, அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே.

அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கனமான மூட்டைகள் அடியில், ஓட்டுநர் அறையை ஒட்டி, இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். எண்ணெய் டின்கள் முழுவதையும் ஒரு பக்கம் வைத்தால் அந்தப் பக்க டயர் உரசும். பாரம் முழுவதும் பின்னால் இருந்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடிக்குள் நிற்காது.

ஜாக்கி போட்டுப் பார்க்க வேண்டியவை

சரக்கை முழுவதும் இறக்கிவிட்டு, சமதரையில், மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ஜாக்கி போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டும் கொடுக்கட்டும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது புஷ் போயிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கோணலாகச் சுற்றுவது ரிம் வளைந்ததற்கு அடையாளம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றை மாற்றும்போது இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இவ்வகை வண்டிகள் பலவற்றில் ரிம், இரண்டு பாதிகளை நட் போட்டு இணைத்ததாக இருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் பிளந்து பறந்து ஆளையே அடித்துவிடும். காற்றை முழுவதும் இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். கடைப் பையனிடம் இந்த வேலையை விடவே கூடாது.

ஸ்பிரிங்குக்கு இடையே ரப்பர் துண்டு செருகுவது, சக்கரத்துக்குப் பின்னால் வாஷர் கொடுத்து வெளியே தள்ளுவது போன்ற குறுக்கு வழிகளும் வேண்டாம். அவை பாரத்தை வேறொரு பாகத்தின் தலையில் ஏற்றிவிடும். மின்சார ஆட்டோ வைத்திருப்போர், பேட்டரியும் மின்கம்பிகளும் எங்கே உள்ளன என்று தெரியாமல் வெல்டிங், வெட்டு வேலை எதற்கும் இடம் கொடுக்கக்கூடாது.

வழியில் உரசத் தொடங்கினால் ஓரமாக நிறுத்தி டயரைப் பார்க்க வேண்டும். நூல் தெரிந்தாலோ பக்கம் புடைத்திருந்தாலோ ஓட்டவே கூடாது. அப்படி இல்லையென்றால் பாதிச் சரக்கை இறக்கி, மீதியைச் சமமாக அடுக்கி, மெதுவாக அருகிலுள்ள பட்டறைக்குப் போகலாம்.

வாரம் ஒரு நாள் காற்று, நட், இடைவெளி மூன்றையும் பார்த்துக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பத்து நிமிட வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் கேட்கிறது என்று சொல்லும் ஓட்டுநரை நாம் கடிந்துகொள்ளக்கூடாது. கடிந்தால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். நமக்கு வரவிருந்த நஷ்டத்தை முன்கூட்டியே சொல்பவர் அவர்தான்.