நிகழ்பட விளையாட்டுக் கருவிச் சந்தை: சேகாவும் சோனியும்

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் நிகழ்பட விளையாட்டுக் கருவிகளின் வணிகம் ஏனைய மின்னணுப் பொருள்களின் வணிகத்தைப் போன்றதன்று. கருவி பெரும்பாலும் அடக்க விலையை ஒட்டியோ, சில வேளை அதற்கும் குறைவாகவோ விற்கப்படுகிறது. பிற நிறுவனங்கள் அக்கருவிக்காக உருவாக்கும் விளையாட்டுகள் விற்கும்போது, ஒவ்வொரு பிரதிக்கும் உரிமக் கட்டணம் கருவியின் உற்பத்தியாளருக்குச் சேர்கிறது. இலாபம் முக்கியமாக அங்கிருந்தே வருகிறது. எனவே வாங்குவோர், விளையாட்டு உருவாக்குவோர், விற்கும் கடைக்காரர் ஆகிய முத்தரப்பையும் உற்பத்தியாளர் தன் பக்கம் வைத்திருக்க வேண்டும். ஜப்பானிய நிறுவனமான சேகா, 1995ஆம் ஆண்டில் இம்மூவரையும் ஒருசேரப் பகைத்துக்கொண்டது.

1983இல் அமெரிக்காவில் தரமற்ற விளையாட்டுகள் குவிந்து சந்தையே சரிந்தது. அதன்பின் அங்கு நுழைந்த நின்டென்டோ, உரிமம் பெறாத விளையாட்டுகளைத் தடுக்கக் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. உரிமம் பெற்றவர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளே வெளியிடலாம். பேழைகளை நின்டென்டோவிடமே, அதுவும் முன்பணம் கட்டித் தயாரித்துக்கொள்ள வேண்டும். விற்காமல் தேங்கினால் நட்டம் உருவாக்கியவருக்கே. தரத்தைக் காக்க வந்த ஏற்பாடு என்றாலும், நடைமுறையில் இது ஒரு கடிவாளம்தான்.

இந்தக் கோட்டையில் முதலில் விரிசல் ஏற்படுத்தியது சேகாவே. 1991இல் அது தன் ஜெனிசிஸ் கருவியின் விலையைக் குறைத்து, சோனிக் விளையாட்டைக் கருவியுடன் சேர்த்தே கொடுத்தது. அதே ஆண்டு சூன் மாதம் சிகாகோ மின்னணுக் கண்காட்சியில், நின்டென்டோவுடன் இணைந்து குறுந்தட்டில் இயங்கும் கருவி ஒன்றைக் கொண்டுவரப்போவதாகச் சோனி அறிவித்தது. மறுநாளே நின்டென்டோ, தன் கூட்டாளி பிலிப்ஸ் என்று அறிவித்தது! கைவிடப்பட்ட சோனி, பொறியாளர் கென் குத்தராகியின் முயற்சியால் தனியாகவே களமிறங்கியது. பிளேஸ்டேஷன் பிறந்த கதை இதுவே.

1994ஆம் ஆண்டு நவம்பரில் சேகாவின் சேட்டர்னும், டிசம்பரில் பிளேஸ்டேஷனும் ஜப்பானில் வெளிவந்தன. அமெரிக்காவில் சேட்டர்ன் 1995 செப்டம்பர் 2 அன்று வரும் எனச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் மே 11 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதலாவது இ3 கண்காட்சியில், கருவி இன்றே விற்பனைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்று சேகா அறிவித்தது. சோனியை முந்திவிடும் அவசரம். அன்றே மேடையேறிய சோனியின் ஸ்டீவ் ரேஸ், "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். நூறு டாலர் வேறுபாட்டை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முந்தியதால் சேகா பெற்றது குறைவு, இழந்தது அதிகம். குறிப்பிட்ட சில கடைகளுக்கே கருவி தரப்பட்டதால் விடுபட்ட கடைகள் சினந்தன. கேபி டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக் கடை சேகாவின் பொருள்களை விற்பதையே நிறுத்திக்கொண்டது. செப்டம்பரைக் கணக்கிட்டு வேலைசெய்த உருவாக்குநர்களின் விளையாட்டுகள் ஆயத்தமாகவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் ஜெனிசிசுடன் பொருத்தும் 32எக்ஸ் என்னும் இணைப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் ஏமாந்து நின்றார்கள். சேட்டர்னில் இரண்டு முதன்மைச் செயலிகள் இருந்தன. இரண்டையும் ஒருங்கே பயன்படுத்தி நிரல் எழுதுவது கடினம். பிளேஸ்டேஷனுக்கு எழுதுவதோ எளிது. குறுந்தட்டை மலிவாகவும் விரைவாகவும் அச்சிடலாம். பேழையை விடாத நின்டென்டோவும் இதற்கு விலை கொடுத்தது: அதன் நெடுநாள் தோழமை நிறுவனமான ஸ்கொயர், 1997இல் ஃபைனல் ஃபேன்டசி 7 விளையாட்டைச் சோனிக்கே கொடுத்தது. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கும் மேல் விற்றது. சேட்டர்ன் ஒரு கோடியை எட்டவில்லை.

டிரீம்காஸ்ட் நல்ல கருவி. 1999இல் 199 டாலருக்கு அமெரிக்காவுக்கு வந்தபோது நன்றாகவே விற்றது. எனினும் பழைய காயம் பலருக்கு ஆறியிருக்கவில்லை, டி.வி.டி. படங்களையும் ஓட்டக்கூடிய பிளேஸ்டேஷன் 2 வரட்டும் என்று காத்திருந்தோரும் பலர். 2001 சனவரி 31 அன்று சேகா கருவி உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சோனிக், நின்டென்டோவின் கருவிகளில் ஓடத் தொடங்கியது.