சொந்தக் கிணற்றுக்கு மனு, கடல் தண்ணீருக்கு ஒப்பந்தம்

"எங்க நிலத்துல, எங்க காசுல போர் போடறதுக்கு நாங்க ஏன் சார் மனு எழுதி நிக்கணும்?"

மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிய அஞ்சலட்டையில் இவ்வளவுதான் இருந்தது. 'சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்' என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். அந்தப் பகுதியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அவருக்குக் கொஞ்சம் நீளமான பதில் பாக்கி இருக்கிறது. அரசுச் சம்பளம் வாங்குகிறவன் எழுதுகிறேன். எனவே இது என் சொந்தக் கருத்து, துறையின் கருத்து அல்ல.

ஒரு வேடிக்கையிலிருந்து தொடங்கலாம். எண்ணூருக்கு வடக்கே, பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டாக நீண்டு கிடக்கிறது காட்டுப்பள்ளி. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் துறைமுகம்தான் ஞாபகம் வரும். அதே காட்டுப்பள்ளியில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கிறது. 2010 ஜூலை 31-ல் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். ஆலை இருப்பது காட்டுப்பள்ளியில் என்றாலும், ஊரெல்லாம் அதற்குச் சொல்லும் பெயர் 'மீஞ்சூர் ஆலை'.

அந்தப் பெயர் எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும். ஏனென்றால் மீஞ்சூரில் ஒரு காலத்தில் கடல்நீரைக் காய்ச்ச வேண்டிய தேவையே இருந்ததில்லை. தரைக்குக் கீழே இருந்ததே நல்ல தண்ணீர்.

மணலுக்குக் கீழே ஓர் ஏரி

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பல்லாயிரம் ஆண்டுகளாக மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து படியவைத்த பூமி அது. மழைக்காலத்துத் தண்ணீர் அந்த மணலில் இறங்கித் தங்கும். 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இங்கே நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில் பெரிய அளவில் தண்ணீர் எடுக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அரசு வரிசையாக ஆழ்துளைக் கிணறுகளைப் போட்டது. தண்ணீர் குழாய் வழியாக நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போனது.

கடலோரத்தில் தண்ணீர் எடுப்பது உள்நாட்டில் எடுப்பது மாதிரி அல்ல. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் கனம். அதனால் நல்ல தண்ணீர் கடல் நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும். இது நூறாண்டுக்கும் மேலாக நீரியல் நிபுணர்களுக்குத் தெரிந்த கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து 40 அடிக்கு உப்பு ஏறலாம். மேலே கொஞ்சம்தானே இறங்கியிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் கடல் வந்துவிடும்.

மீஞ்சூரில் அப்படித்தான் வந்தது. 1960-களின் இறுதியில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1980-களில் 9 கிலோமீட்டர் வரை போய்விட்டது. பின்னர் அதையும் தாண்டியது.

நான் அங்கே போனபோது இந்த எண்களெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு பெரியவர் வீட்டில் டீ கொடுத்தார்கள். பால் திரிந்திருந்தது. "கோச்சுக்காதீங்க சார், கிணத்துத் தண்ணி அப்படி. பருப்பும் வேகாது, சோப்பும் நுரைக்காது" என்றார் அந்த அம்மா. பெரியவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "எங்க அப்பா காலத்துல மூணு போகம் வெளைஞ்ச கெணறு இது. நாங்க உப்பு அள்ளிக் கொட்டல சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உப்பைத் தாங்கும் நெல் ரகத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

சட்டம் வந்த வரிசை

1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அப்போதைய மதராஸ் மாகாணத்துக்குத் தொடக்கத்திலிருந்தே பொருந்தியது. நிலத்தின் சொந்தக்காரர் தன் எல்லைக்குள், நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. உங்கள் தாத்தா கிணறு வெட்டியது அந்த உரிமையில்தான். அதில் ஓர் ஓட்டை உண்டு. எவ்வளவு எடுக்கலாம் என்று அளவு சொல்லவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் உங்களைவிடப் பெரிய மோட்டார் வைத்தால் தண்ணீர் அவருக்கு. அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் அரசாங்கமாகவே இருந்தால்?

அதுதான் நடந்தது. முதலில் அரசுக் கிணறுகள் வந்தன, பிறகு உப்பு வந்தது. அதற்கும் பிறகுதான் 1987-ல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சென்னை நகரத்தோடு, சுற்றியுள்ள 200-க்கும் மேற்பட்ட கிராமங்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தக் கிராமங்களில் புதிதாகக் கிணறு தோண்ட அனுமதி வேண்டும். வாசகர் கேட்ட மனு இங்கிருந்துதான் வருகிறது.

சட்டத்தின் நோக்கம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வந்த வரிசைதான் தப்பு. பெரிய பம்பை வைத்து எடுத்தவரும், அனுமதி கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவரும் ஒரே அரசாங்கம். இருபது ஆண்டு எடுத்த பிறகு, பாக்கி இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றும் பொறுப்பைச் சின்ன விவசாயியின் மனுவில் எழுதிவைத்தார்கள். நான் அறிந்த ஒரு விவசாயியின் மனு ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் கிடந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள் அவர் பயிர் காய்ந்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

மாநிலம் முழுவதுக்குமாக 2003-ல் இன்னொரு நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டார்கள். அது முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் ரத்தானது. பத்து ஆண்டு ஒரு சட்டம் சும்மா இருந்து, செத்தும் போனது. கிணற்றில் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நம் பக்கமும் குற்றம் இருக்கிறது. 1990-லிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். கட்டணம் இல்லாத பொருளை யாரும் அளந்து செலவழிப்பதில்லை. அதுவும் அரசு போட்ட கணக்குதான் என்றாலும், சுவிட்சைப் போட்டது நம் கை.

ஒரே தண்ணீருக்கு இரண்டு விலை

காட்டுப்பள்ளி ஆலையைக் கட்டியது தனியார் நிறுவனம். சென்னைக் குடிநீர் வாரியத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம். ஆயிரம் லிட்டருக்கு ஆரம்ப விலை 48 ரூபாய் 66 காசு. எவ்வளவு தண்ணீர், என்ன விலை, எத்தனை ஆண்டு, எல்லாம் எழுத்தில். முதல் போட்டவர் அப்படிக் கேட்பது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது விவசாயி பக்கம் வாருங்கள். 2000-களின் தொடக்கத்து வறட்சியிலும், பிறகு 2019 வறட்சியிலும் திருவள்ளூர் மாவட்டத்தில் விவசாயக் கிணறுகளிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வாங்கினார்கள். மோட்டார் ஓடும் நேரக் கணக்கில் பணம். வாங்குவது ஒரே ஒருவர், அதனால் விலை அவர் சொன்னதுதான். மழை பெய்து ஏரி நிரம்பினால் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். 25 ஆண்டு ஒப்பந்தம் எந்த விவசாயிக்கும் கிடைத்ததில்லை.

ஒரு மனக்கணக்கு போடுவோம். மணிக்கு 20,000 லிட்டர் தரும் போர் என்று வையுங்கள். ஆலைக்குக் கொடுத்த விலையில் அது மணிக்கு 973 ரூபாய். கடல் நீரைச் சுத்தம் செய்ய எந்திரமும் மின்சாரமும் வேண்டும், அந்தச் செலவு விவசாயிக்கு இல்லை. சரி, பாதியைக் கழித்துவிடுங்கள். கால் பங்கு மட்டும் வையுங்கள். அந்தக் கால் பங்கை, 'இவ்வளவுக்கு மேல் எடுக்கமாட்டோம்' என்ற எழுத்து உறுதியோடு, 1969-லேயே மீஞ்சூர் விவசாயிகளிடம் பேசி ஒப்பந்தம் போட்டிருந்தால்? தண்ணீரைக் காப்பாற்றுவதே அவர்களுக்கு வருமானம் ஆகியிருக்கும். கேட்கவே இல்லை. வருமானம் தரும் பொருளை மனிதன் காவல் காப்பான். யாருக்கும் சொந்தமில்லாததைப் போட்டி போட்டு இறைப்பான்.

அங்கே கேட்டார்கள்

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். மீஞ்சூரில் கிணறு போடுவதற்கு முன்பே, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கடலோரத்தில் இதே பிரச்சினை இருந்தது. மேற்குப் படுகை என்று அந்த இடத்துக்குப் பெயர். எல்லோரும் இறைத்ததில் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அங்கே இறைத்தவர்கள் சின்ன நகரங்கள், தண்ணீர் நிறுவனங்கள், எண்ணெய் ஆலைகள். 1945-ல் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே உட்கார்ந்து பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொள்ள 1955-ல் ஓர் இடைக்கால உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1961-ல் நீதிமன்றம் ஒவ்வொருவர் பங்கையும் உறுதி செய்தது. தங்கள் பங்கைத் தேவைப்படாதவர் மற்றவருக்கு வாடகைக்கு விடலாம், விற்கலாம். ஓட்டெடுப்பு நடத்தித் தங்களுக்கென ஒரு நீர்ச்செறிவு வாரியம் அமைத்தார்கள். இறைப்பவர் கட்டும் தொகையில் அது நிலத்தடிக்குத் தண்ணீர் திருப்பி விட்டது. கரையோரம் வரிசையாகத் துளை போட்டு, நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி, கடலுக்கு எதிராகத் தரைக்கடியில் ஒரு வேலியே எழுப்பினார்கள்.

இதை ஆராய்ந்து 1965-ல் பட்டம் வாங்கியவர் எலினோர் ஆஸ்ட்ரம் என்ற பெண்மணி. 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். பொதுச் சொத்தைக் காப்பாற்ற ஒன்று அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்கு விற்றுவிட வேண்டும் என்பதைத் தவிர மூன்றாவது வழியும் உண்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். பயன்படுத்துகிறவர்களே அளவு வைத்து, தாங்களே காவல் போடுவது. ஏரிக்கு நீர்க்கட்டி வைத்து, முறை போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய நமக்கு இது புதிதும் அல்ல. நீர்க்கட்டி முறையைப் பல ஊர்களில் அரசாங்கம் ஒழிக்கவில்லை, போர் வந்ததும் நாமேதான் விட்டுவிட்டோம்.

அங்கேயும் அரசு, நீதிமன்றம் எல்லாம் இருந்தன. ஆனால் அரசு செய்தது, அவர்கள் பேசி முடித்ததை எழுதிப் பதிவு செய்து காப்பாற்றியது. இங்கே எழுதியது சட்டம் மட்டும்தான். பங்கு யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை.

அஞ்சலட்டைக்குப் பதில்

வாசகரே, உங்கள் கிராமம் பட்டியலில் இருந்தால் இன்றைய நிலையில் மனு போடத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொல்லி உங்களை மாட்டிவிட எனக்கு மனமில்லை. மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால், மனு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். பெரும்பாலும் அந்தக் கடிதம் போனதுமே மனு நகர்ந்துவிடும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. போர் போடுவதற்கு முன்னால், பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். மின்கடத்துத் திறன் 0.75-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 2.25-ஐத் தாண்டினால் அது நெல்லுக்கான தண்ணீர் அல்ல. மேலே உப்பாக இருக்கிறதே, இன்னும் நூறு அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று ரிக் வண்டிக்காரர் சொல்வார். உங்கள் பகுதியில் அதை அப்படியே நம்பாதீர்கள். கீழே போகப் போகக் கடலை நோக்கித்தான் போகிறீர்கள். பண்ணைக்குட்டை ஒன்று வெட்டி மழைநீரைத் தேக்குவது இந்தப் பகுதிக்குச் செலவு குறைவு.

கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு முறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை பாருங்கள். எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் நாலைந்து பேரையும் எழுதச் சொல்லுங்கள். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், தேதி எழுதி ஒட்டி, அன்றைக்கே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.