பிளாஸ்ரிக் நீர்க்குழாய்களை ஒழுகாவண்ணம் இணைத்தல்

கிணற்று நீரை வீட்டுத் தாங்கிக்கும் தோட்டத்துக்கும் கொண்டு செல்வதற்குப் பி.வி.சி. குழாய்களே இன்று பெரிதும் பயன்படுகின்றன. இவை துருப்பிடிப்பதில்லை, பாரம் குறைந்தவை, கமக்காரர் தாமே பொருத்திக்கொள்ளத் தக்கவை. ஆயினும் நீர் ஒழுகுவது பெரும்பாலும் குழாயில் அன்று, பொருத்திலேயே ஆகும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வீதம் ஒழுகும் பொருத்தொன்று, இராப்பகலாகத் தாங்கியுடன் தொடர்புற்றிருப்பின், நாளொன்றுக்கு 144 லீற்றரையும் 30 நாட்களில் 4,320 லீற்றரையும் வீணாக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் ஊறுவது சுண்ணக்கல்லினுள் தேங்கிய மழைநீரேயாகும். அதனை அளவுக்கு மிஞ்சி இறைப்பின் கிணறு உவராகும். ஆகவே ஒழுக்கு என்பது இறைப்புச் செலவோடு முடிவதன்று.

பசையின் தன்மை

குழாய்ப்பசை மரத்தை ஒட்டும் பசை போன்றதன்று. அது பி.வி.சி.யின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து இளகச் செய்கின்றது. இளகிய இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலந்து, பின்னர் இறுகி ஒரே துண்டாகின்றன. இடையில் மண், எண்ணெய், ஈரம் என்பன இருப்பின் இக்கலப்பு நிகழாது. பின்வரும் முறைகள் யாவும் இவ்வுண்மை பற்றியே கூறப்படுகின்றன. கறுப்புப் பொலித்தீன் குழாயை இப்பசை கரைக்காது. அதற்கு இதனை உபயோகித்தலாகாது.

பொருத்தும் முறை

1. குழாயை நுண்பல் வாளினால் நேராக அறுத்தல் வேண்டும். சரிவாக அறுத்த முனை சொக்கற்றின் அடியிற் சரியாகப் படியாது.

2. உள்ளும் புறமும் உள்ள பிசிறுகளைக் கத்தியாற் சீவி, வெளிவிளிம்பைச் சிறிது சரித்துவிடுதல் நன்று. பிசிறு பசையை வழித்துத் தள்ளிவிடும்.

3. பசையிடுமுன் குழாயைச் சொக்கற்றினுட் செருகிப் பார்த்தல் வேண்டும். தளர்ந்து ஆடும் சொக்கற்றை நீக்குக. செல்லவேண்டிய ஆழத்தையும் திசையையும் பென்சிலாற் குறித்துக்கொள்க.

4. இரு பரப்புகளையும் உலர்ந்த சுத்தமான துணியால் துடைத்து, வழுவழுப்பு நீங்க அரத்தாளினால் இலேசாகத் தேய்த்து, மீண்டும் துடைத்தல் வேண்டும்.

5. குழாயின் வெளிப்புறத்திலும் சொக்கற்றின் உட்புறத்திலும் இடைவெளியின்றிப் பசை பூசுக. சொக்கற்றினுள் மெல்லிய பூச்சே போதுமானது. மிகுந்த பசை உள்ளே வழிந்து குழாயை நலிவாக்கும்.

6. தாமதியாது, கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே குறி வரை செருகி, அரை நிமிடம் அசையாது பிடித்திருத்தல் வேண்டும். பின்னர்த் திருப்புதல் கூடாது.

7. வழிந்த பசையைத் துடைத்து, ஒரு நாள் கழிந்த பின்னரே நீரை விடுதல் வேண்டும். அவசரப்பட்டு அன்றே இயந்திரத்தை இயக்குவதாற் கெடும் பொருத்துகள் பலவாகும்.

உச்சி வெயிலிற் பசை விரைவில் உலர்ந்துவிடும். காலையிலோ நிழலிலோ வேலை செய்தல் நன்று. கட்டியாகிய பசையை எதனையேனும் கலந்து இளக்க முயலாது கழித்துவிடுக. பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்குத் தூரமாக அதனைக் கையாளல் வேண்டும்.

மரைப் பொருத்துகள்

மரையுள்ள இடத்திற் குழாய்ப்பசை இடுதல் கூடாது. மரைமுனை தம்மை நோக்கியிருக்கப் பிடித்து, கடிகார முள் செல்லும் திசையில் வெள்ளை மரைநாடாவை மூன்று நான்கு சுற்றுச் சுற்றுக. கையால் இறுக்கியபின் சாவியால் ஒரு சுற்றளவே இறுக்குதல் போதும். மிகையாக இறுக்கினாற் பிளாஸ்ரிக் மரை வெடிக்கும்.

உறிஞ்சுகுழாயும் சோதனையும்

கிணற்றிலிருந்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வரும் உறிஞ்சுகுழாயிற் பிழை உண்டாயின், இயந்திரம் இயங்கும்போது நீர் வெளியே ஒழுகாது, காற்றே உட்புகும். இயந்திரம் ஓடியும் நீர் குறைவாகவோ விட்டுவிட்டோ வருமாயின் அப்பொருத்துகளை முதலிற் சோதித்தல் வேண்டும்.

குழாயை மண்ணால் மூடுமுன், நீரை மெதுவாக விட்டுக் காற்றை வெளியேற்றி, ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த கடதாசியால் தொட்டுப் பார்க்க. ஒழுகும் பொருத்தின் மேற் பசை பூசுவதாற் பயனில்லை. அத்துண்டை அறுத்து நீக்கிப் புதிய சொக்கற் இடுதலே தகும். அன்று வீணாகும் ஒரு சொக்கற்றின் விலை, வரட்சியில் வீணாகும் நீரினும் சிறிதேயாகும்.