புதுப் பெட்டிக்கு மாறுவது எப்படி?

மாணவர்களுக்கு அரசு இலவச மடிக் கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி காக்களூரில் தொடங்கியது. பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டம்தான்! அன்று வாங்கிய பெட்டிக்கு வயதாகிவிட்டது. ஏரிக்கரையின் உப்புக் காற்று வேறு.

புதுப் பெட்டி வாங்கினால், பழையதில் உள்ள கல்யாணப் படங்கள், மார்க் சீட்டு நகல்கள் என்ன ஆகும்?

மீனைக் கூடையில் அள்ளி மறு படகில் போடுகிறோம் அல்லவா? படங்களும் கடிதங்களும் அப்படித்தான். 'பென் டிரைவ்'தான் கூடை.

ஆனால் இஞ்சினை அள்ளிப் போட முடியுமா? புதிய படகில் பூட்டித்தான் ஆகவேண்டும். 'சாப்ட்வேர்' அந்த ரகம். நகல் எடுத்தால் பெரும்பாலும் ஓடாது, புதிதாக நிறுவவேண்டும். விலைக்கு வாங்கியது என்றால், அதன் சாவி எண்ணை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

பாமினி எழுத்தில் தட்டிய கடிதமா? அந்த எழுத்துருவையும் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் தமிழ், ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்!

படங்கள் புதுப் பெட்டியில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழையதில் கை வையுங்கள்.