மடிக்கணினி மின்விசிறியின் வேகத்தை வெப்பநிலை நிர்ணயிப்பது எப்படி? கோடையில் கவனிக்க வேண்டியவை

மே, ஜூன் மாதங்களில் வட இந்தியச் சமவெளியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது, மடிக்கணினியின் மின்விசிறி ஓயாமல் இரைவது இயல்பு. அந்த இரைச்சலைக் குறைக்க, மின்விசிறியின் வேகத்தை விருப்பம்போல் மாற்றும் மென்பொருள்களைப் பலர் நாடுகின்றனர். ஆனால், கணினியைக் காக்கும் ஏற்பாடு ஒன்றில் அவர்கள் கைவைக்கின்றனர் என்பதால், அது இயங்கும் முறையை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

வெப்பத்தை அளப்பது யார்?

கணினியின் பிராசசருக்குள்ளேயே வெப்ப உணரிகள் பதிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான மடிக்கணினிகளில், எம்பெடட் கன்ட்ரோலர் எனப்படும் சிறிய சிப் வெப்பநிலையைத் தொடர்ந்து கண்காணிக்கிறது. எந்த வெப்பநிலைக்கு எந்த வேகம் என்ற அட்டவணையைத் தயாரிப்பு நிறுவனம் அதில் முன்கூட்டியே பதிவு செய்திருக்கும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களைச் சாராமல் இந்த சிப் தனித்து இயங்குவதால், திரை உறைந்து நின்றாலும் மின்விசிறி தன் பணியைத் தொடரும்.

மின்விசிறிக்குச் செல்லும் சமிக்ஞையை நொடிக்குப் பல ஆயிரம் முறை நிறுத்தி நிறுத்தி அனுப்புவதன் மூலம் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. சமிக்ஞை நீடிக்கும் நேரம் கூடினால் வேகமும் கூடும். லினக்ஸில் இந்த அளவு 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் குறிக்கப்படுகிறது.

ஏறும்போது ஓர் எல்லை, இறங்கும்போது வேறு எல்லை

60 டிகிரியில் மின்விசிறி வேகமெடுக்க வேண்டும் என்று மட்டும் விதித்தால், வெப்பம் 59க்கும் 60க்கும் இடையே ஊசலாடும்போதெல்லாம் ஓசை எழுந்தும் அடங்கியும் எரிச்சலூட்டும். இதைத் தவிர்க்க, 60 டிகிரியில் வேகமெடுத்த மின்விசிறி 54 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின்னரே வேகத்தைக் குறைக்கும் வகையில் இரு எல்லைகள் வைக்கப்படுகின்றன.

வேகத்தைக் கூட்டுவதற்கும் விலை உண்டு. சுழற்சி இரு மடங்கானால் காற்றோட்டமும் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் அதற்குத் தேவைப்படும் மின்திறன் எட்டு மடங்காகும். ஓசையும் சுமார் 15 டெசிபல் உயரும். தேவைக்கு மேல் சுழலவிடாததற்கு இதுவே காரணம்.

லினக்ஸில் உள்ள வசதி

லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பு வெப்பநிலையைக் காட்டும். உணரியின் கோப்பில் 45000 என்றிருந்தால் 45 டிகிரி என்று பொருள். ஃபேன்கன்ட்ரோல் என்ற நிரல், பயனர் தரும் குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலைகளுக்கு இடையே வேகத்தைப் படிப்படியாக உயர்த்தும். நின்றிருக்கும் மின்விசிறியைச் சுழலத் தொடங்க வைப்பதற்குக் கூடுதல் விசை தேவை என்பதால், தொடங்கும் அளவும் நிற்கும் அளவும் அதில் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. எனினும், எல்லா மடிக்கணினிகளும் இத்தகைய கட்டுப்பாட்டை அனுமதிப்பதில்லை.

திங்க்பேட் கணினிகளுக்குத் திங்க்ஃபேன் என்ற நிரல் உள்ளது. இவற்றில் வேகம் 0 முதல் 7 வரையிலான நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பாதுகாப்பு கருதி, மின்விசிறியை மாற்றும் அனுமதி லினக்ஸில் இயல்பாக முடக்கப்பட்டே இருக்கும். பயனரே அதைத் திறக்க வேண்டும்.

எங்கே ஆபத்து?

மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டு நிரல் செயலிழந்துபோனால், வெப்பம் ஏறினாலும் வேகம் ஏறாது. இதற்காகவே திங்க்பேட் கணினிகளுக்கான லினக்ஸ் இயக்கியில் காவல் கடிகாரம் ஒன்று உள்ளது. 1 முதல் 120 நொடிகள் வரை அதில் நேரம் குறிக்கலாம். அந்த நேரத்திற்குள் நிரலிடமிருந்து புதிய கட்டளை வராவிட்டால், இயக்கி தானாகவே மின்விசிறியை இயக்கிவிடும். இத்தகைய பாதுகாப்பு இல்லாத நிரலைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இறுதி அரணாகப் பிராசசரே தன்னைக் காத்துக்கொள்ளும். இன்டெலின் பல மடிக்கணினி பிராசசர்களுக்கு வெப்ப எல்லை 100 டிகிரி. அதை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைக் குறைக்கும். மேலும் சூடேறினால் கணினி அணைந்துவிடும். ஆனால் பேட்டரிக்கும் பிற பாகங்களுக்கும் இந்த அரண் போதாது. நீடித்த வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

கோடையில் கணக்கு மாறும்

மின்விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறைக் காற்றைக் கொண்டு வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு வேலையின்போது பிராசசர் அறையைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என வைத்துக்கொள்வோம். அறை 25 டிகிரி எனில் அது 75 டிகிரியில் நிற்கும். 45 டிகிரி எனில் 95 டிகிரியை எட்டும். தனது மேக்புக் கணினிகளை 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனம் அறிவுறுத்துவதும் இங்கு கவனிக்கத்தக்கது. எனவே, குளிர்காலத்தில் அமைதிக்காக வகுத்த அட்டவணையைக் கோடையிலும் அப்படியே தொடர்வது சரியல்ல.

வேக அமைப்பை மாற்றும் முன் காற்றுத் துளைகளில் படிந்த தூசியை அகற்றுவதும், கணினியை மெத்தை மீது வைக்காமல் சமதளத்தில் வைப்பதும் எளிய வழிகள். ஓசை மட்டுமே சிக்கல் எனில், தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள அமைதி நிலையைத் தேர்வு செய்வது பாதுகாப்பானது. அதன் பின்னரும் தனி நிரல் தேவைப்பட்டால், அதிக வெப்பநிலையில் முழு வேகம் கிடைப்பதையும், நிரலை நிறுத்தினால் மின்விசிறி தானியங்கி நிலைக்குத் திரும்புவதையும் முதலில் சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.