உடலுக்கேற்ற நாற்காலி

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பல வீடுகளில் உணவு மேசையே அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் மாறியது. உணவு உண்பதற்காகச் செய்யப்பட்ட நாற்காலியில் நாள் முழுவதும் அமர்ந்த பலர், முதுகுவலியாலும் கழுத்துவலியாலும் அவதியுற்றனர். வீட்டிற்கு ஒரு நல்ல நாற்காலி வேண்டும் என்ற எண்ணம் அப்போது பலருக்கும் எழுந்தது. ஆனால், எது நல்ல நாற்காலி?

இதற்கு விடை காண, அமரும்போது முதுகில் என்ன நிகழ்கிறது என்பதை அறிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் முதுகெலும்பு நேர்க்கோடாக இருப்பதில்லை. இடுப்புக்குச் சற்று மேலே அது உள்நோக்கி வளைந்திருக்கும். முதுகெலும்பின் கணுக்களுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960களில் இத்தட்டுகளுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிட, சாய்மானமின்றி அமரும்போது அழுத்தம் கூடுவதை அவர் கண்டறிந்தார். முன்னால் குனிந்தால் அது மேலும் கூடியது. முதுகைச் சற்றுப் பின்னால் சாய்த்து அமர்ந்தால் அழுத்தம் குறைகிறது என்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. எனவே, முதுகைத் தாங்குவதே நாற்காலியின் முதன்மையான பணியாகும்.

நாற்காலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அதன் உயரத்தைக் கவனிக்க வேண்டும். அமர்ந்தவரின் பாதங்கள் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். கால்கள் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும், கால்கள் மரத்துப்போகும். அடுத்ததாக, இருக்கையின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். முதுகு சாய்மானத்தில் படியுமாறு அமர்ந்த பிறகும், முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்.

சாய்மானம் முதுகின் உள்வளைவைத் தாங்க வேண்டும். கைதாங்கிகள் தோள்களை உயர்த்தாமல் முழங்கைகளைத் தாங்கும் உயரத்தில் இருப்பது நலம். சக்கர நாற்காலியாயின், எளிதில் கவிழாதிருக்க அதன் அடிப்பகுதியில் ஐந்து கால்கள் இருக்க வேண்டும்.

பந்தயக் காரின் இருக்கையைப் போன்ற நாற்காலிகளை மாணவர்கள் பலர் விரும்புகின்றனர். அழகும் விலையும் மட்டும் முதுகைத் தாங்கிவிடா. உயரமான தந்தைக்குப் பொருந்தும் நாற்காலி, வளரும் மகளுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒரே நாற்காலியைக் குடும்பத்தினர் பலரும் பயன்படுத்தினால், உயரத்தை மாற்றக்கூடியதையே வாங்க வேண்டும். அமரும் ஒவ்வொருவரும் தமக்கேற்ப அதனைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடையில் ஒரு நிமிடம் அமர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், பத்து நிமிடங்களாவது தட்டச்சு செய்வதுபோல் அமர்ந்து பார்ப்பது நல்லது.

புதிய நாற்காலி வாங்க வசதியில்லாதவர்களுக்கும் வழியுண்டு. சுருட்டிய துண்டு ஒன்றை இடுப்பின் பின்னால் வைத்தால் முதுகின் வளைவுக்குத் தாங்கல் கிடைக்கும். மேசை உயரமாக இருந்தால், நாற்காலியில் மெத்தையிட்டுக் கைகளை மேசை மட்டத்திற்கு உயர்த்தலாம். அப்போது கால்கள் தொங்காமலிருக்க உறுதியான பெட்டி ஒன்றைப் பாதங்களுக்குக் கீழே வைக்கலாம்.

எவ்வளவு சிறந்த நாற்காலியாயினும், அதில் அசையாமல் அமர்ந்தால் தசைகள் சோர்வடையும். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதற்காக மனித உடல் அமையவில்லை. அதனால், அரை மணிநேரத்திற்கு ஒருமுறை எழுந்து, சிறிது நடந்து, கைகால்களை நீட்டி மடக்க வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். படிப்பும் வேலையும் பல ஆண்டுகள் தொடர்வன. அவற்றைத் தாங்கவேண்டிய முதுகோ ஒன்றுதான். உடலுக்கேற்ற நாற்காலியும் அடிக்கடி எழுந்து நடக்கும் பழக்கமும் சேர்ந்தே அந்த முதுகைக் காக்கும்.